வேறொருவருடைய அம்மா

“உங்க வீட்ல எந்தப் பொருள ரெண்டு தடவைக்கு மேல ரிப்பேர் பண்ணியிருக்கீங்க?”

எதிரே வந்து உட்காருகிற எவரிடமும் தேவேந்திரன் முதலில் கேட்பது இதைத்தான். மதிப்பெண், கல்லூரி, போகப்போகிற நாடு எல்லாம் ஏற்கெனவே படிவத்தில் இருக்கும். வந்தவர் சிரிப்பார். “என்னண்ணா கேள்வி இது? எஸ்.ஓ.பி. எழுதத்தானே வந்தேன்?” தேவேந்திரன் சிரிக்க மாட்டான். பேனா மூடியைக் கழற்றிப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு காத்திருப்பான். கடைசியில் அவர், “மிக்ஸி” என்பார். “நாலு தடவ ரிப்பேர். அம்மா தூக்கிப் போட விடல.” “ஏன் விடல?” அவ்வளவுதான், கதவு திறந்துவிடும்.

திருப்பதியில் ரேணிகுண்டா சாலையோரம் ஒரு முதல் மாடி. வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்புகிற கன்சல்டன்சி. விண்ணப்பிக்கிற ஒவ்வொருவரும் தான் யார், இந்தப் படிப்பின்மேல் ஏன் ஆசை வந்தது என்று ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். அதுதான் எஸ்.ஓ.பி. இன்ஜினியரிங் முடித்த பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டருக்கு எழுத வரும். தங்களைப் பற்றி எழுத வராது. அதை தேவேந்திரன் எழுதுகிறான். காலையில் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. ஆங்கில இலக்கியமும் படைப்பெழுத்தும். மூன்று மணிக்கு மேல் மற்றவர்களின் வாழ்க்கை. நாலு முறை ரிப்பேரான மிக்ஸி, பிரித்திகா என்ற பெண்ணை ஜெர்மனிக்கு அனுப்பியிருக்கிறது. தண்ணீர் வராத ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் ஒருவனை டெக்சாஸ் வரை இழுத்துப் போயிருக்கிறது. போனவர்கள் பனியில் நின்று படம் எடுத்து அனுப்புவார்கள்: ‘தேங்க்ஸ் அண்ணா, எல்லாம் உங்க புண்ணியம்.’ தேவேந்திரன் இதுவரை போன அதிகபட்சத் தூரம் வேலூர்.

ஆள் ஒல்லி. ஆங்கிலம் பேசும்போது மட்டும் குரல் இறங்கிவிடும், பக்கத்து அறையில் யாரோ தூங்குகிற மாதிரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, பரீட்சையில் ஆங்கிலம் என்று வளர்ந்தவன். கோபம் வந்தால் தெலுங்கில் திட்டுவான். காய்ச்சல் வந்தால் தமிழில் முனகுவான். சட்டைப் பையில் உள்ளங்கை அகல நோட்டு ஒன்று. பஸ்ஸில், மெஸ்ஸில், முடி வெட்டுகிற கடையில் கண்ணில் பட்டதை அதில் ஒரு வரியில் குறித்துக்கொள்வான். ‘தூங்கும்போதுகூடச் செருப்பைக் காலால் அழுத்திக்கொண்டு தூங்குகிற பெண், பாகாலா பஸ்.’ அதை வைத்து என்ன செய்யப் போகிறான் என்று கேட்டால், “வேணும்போது வேணும்” என்பான்.

கார்வேட்டிநகரத்துக்கு அப்பால், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அவன் ஊர். தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி. அப்பா ஏகாம்பரம் காலத்தில் ஒரு துண்டு நிலம் வந்தது, அதில் வேர்க்கடலை. அந்தத் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் தேவேந்திரன். எம்.ஏ. சேர்ந்த அன்று சித்தப்பா வேங்கடாசலம் வாசலில் மறித்துக் கேட்டார்.

“இன்னா படிப்புடா அது?”

“இங்கிலீஷ் லிட்டரேச்சர், கிரியேட்டிவ் ரைட்டிங்.”

“அப்டின்னா?”

“கதை, கட்டுரையெல்லாம் எழுதக் கத்துக்கறது சித்தப்பா.”

“கத உட்றதுக்குக்கூட டிகிரி குடுக்கறானா? அப்டிப் பாத்தா நம்ம தெருவுல பாதிப் பேருக்கு டாக்டர் பட்டமே குடுக்கலாமேடா!”

தெருவே சிரித்தது. ஏகாம்பரம் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கேட்பவர்களிடம் “பையன் எம்.ஏ. இங்கிலீசு” என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். படிப்பின் இரண்டாம் பாதியை வெளியே விடுவதில்லை.

படைப்பெழுத்து வகுப்பில் பதினான்கு பேர். அதில் ஒன்பது பேர் விடுதி அறைக்காகச் சேர்ந்தவர்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து அரசு வேலைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள். பாடம் எடுப்பது மோகனப்ரியா, திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகிற ஒப்பந்த விரிவுரையாளர். முதல் வாரம் அவர் ஒரு பயிற்சி கொடுத்தார்: ‘சிறு வயதில் உங்கள் வீட்டு ஜன்னல் வழியே தெரிந்ததை எழுதுக.’ எல்லோரும் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். தேவேந்திரன் எழுந்து நின்றான்.

“மேடம், எங்க வீட்ல ஜன்னல் கிடையாது.”

கடைசி வரிசைகூடச் சிரித்தது.

“அப்போ வெளிச்சம் எப்படி வரும்?”

“கதவு வழியா. அம்மா வந்து நின்னா இருட்டாயிடும்.”

“உட்காரு” என்றார் மோகனப்ரியா. “இதையே எழுது.”

அப்படித்தான் அவனுக்கு எழுத்து வந்தது. இரண்டாவது செமஸ்டரில் ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதி, வகுப்பில் எழுந்து நின்று படித்தான். ‘ஜூன், ஜூலையில் என் அம்மா ஸ்பூனில் சாப்பிடுவாள்’ என்று தொடங்கும். அவன் அம்மா செல்லியம்மா, பருவத்தில் கங்காதர நெல்லூர்ப் பக்கம் மாம்பழக் கூழ் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். விடிவதற்குள் வேன் வந்து தெருப் பெண்களை அள்ளிக்கொண்டு போகும். நாள் முழுக்கப் பழம் சீவிச் சீவிச் சாற்றில் ஊறும் கை, பத்தே நாளில் விரல் நுனி உரிந்து சிவந்துவிடும். உப்பு, காரம் பட்டால் உயிர் போகும். அதனால் அந்த இரண்டு மாதமும் குழம்புச் சோற்றுக்கு எவர்சில்வர் ஸ்பூன். கம்பெனிக்குப் போகாத எதிர்வீட்டு சுந்தரி, “தொரசாணி ஸ்பூன்ல துன்றா பாருங்கடி!” என்று தெருவைக் கூட்டுவாள். செல்லியம்மா சளைக்க மாட்டாள். “ஆமாண்டி, கத்திகூட வெச்சிக்கீறேன். வா, உன் நாக்க நீட்டு.”

அவன் படித்து முடித்தபோது, அறைக்காகச் சேர்ந்த ஒன்பது பேரும் பொது அறிவுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “கடைசி செமஸ்டர்ல இதையே விரிச்சு எழுது. இதுதான் உன் தொகுப்பு” என்றார் மோகனப்ரியா. முப்பது பக்கம் சொந்தப் படைப்பு கொடுக்க வேண்டும். அது தேறினால்தான் பட்டம். தேவேந்திரன் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால், “என் கையப் பத்தியா? போயும் போயும் அதயா எழுதுன?” என்பாள். பட்டம் வாங்கிய பிறகு தமிழில் படித்துக் காட்டலாம் என்று இருந்தான்.

சென்ற அக்டோபரில்தான் தருண் வந்தான். சித்தூரில் இரண்டு மாம்பழக் கூழ்த் தொழிற்சாலைகள் வைத்திருக்கிற குடும்பம்; செல்லியம்மா போகிற கம்பெனி அவர்களுடையது அல்ல. உணவுப் பதப்படுத்தலில் மேல்படிப்புக்கு அமெரிக்கா போக வேண்டும். மரியாதையான பையன். தேவேந்திரன் வழக்கமான கேள்வியைக் கேட்டான். தருண் உண்மையாகவே வெகுநேரம் யோசித்தான்.

“எங்க வீட்ல ரிப்பேரெல்லாம் பண்ணமாட்டாங்கண்ணா. புதுசு வாங்கிடுவாங்க.”

“சரி, ஃபேக்டரிக்குள்ள போயிருக்கியா?”

“ஆபீஸ் ரூம் வரைக்கும் போயிருக்கேன். உள்ள ஒரே ஈண்ணா.”

தேவேந்திரன் மூன்று முறை எழுதினான். கன்சல்டன்சி மேலாளர் சம்பத் மூன்றையும் திருப்பினார். “தேவா, சென்டிமென்ட் லேதுப்பா. படிச்சா கண்ல தண்ணி வரணும்ல?” கெடு மறுநாள் முடிகிறது. தேவேந்திரன் தன் பழைய கோப்பைத் திறந்தான். ‘என் அம்மா’ என்று இருந்த இடத்தில் எல்லாம் ‘எங்கள் தொழிற்சாலையில் ஒரு பெண்’ என்று மாற்றினான். மூன்று பத்திகள், மற்றபடி அப்படியே. வேறு வார்த்தைகளில் எழுதிப் பார்க்காமல் இல்லை. வேறு வார்த்தைகளில் அது செத்துக் கிடந்தது. செத்ததையே கொடுத்துத் தொலைத்திருக்கலாம். தருணுக்கு அதுவே போதும். ஆனால் நன்றாக எழுதத் தெரிந்தவனுக்கு மோசமாக எழுதித் தர மனம் வரவில்லை. சம்பத் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதிரா மேட்டர்!” என்று முதுகில் ஓங்கித் தட்டினார். அன்று தேவேந்திரனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மற்ற எதைவிடவும் அந்தப் பெருமைதான் இன்றைக்கும் அவனை அறுக்கிறது.

தருணுக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. ‘வென்ற மாதிரிகள்’ என்று சொல்லி, கன்சல்டன்சி அந்த எஸ்.ஓ.பி.யைத் தருணின் புகைப்படத்தோடு தன் இணையதளத்தில் ஏற்றியது. தேவேந்திரன் அதைக் கவனிக்கவில்லை. எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பார்க்கிற வழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது.

இந்த ஜூனில் அவன் தொகுப்பைச் சமர்ப்பித்தான். நூலகத்தில் எல்லா மாணவர் எழுத்தையும் போல அதையும் நகல் கண்டுபிடிக்கிற மென்பொருளில் போட்டார்கள். முதல் அத்தியாயத்தில் மூன்று பத்திகள் முழுச் சிவப்பாக வெளியே வந்தன. மூலம் என்ற இடத்தில் கன்சல்டன்சியின் முகவரி. எழுதியவர் என்ற இடத்தில் தருண்.

மோகனப்ரியா அவனை மாடிப்படித் திருப்பத்துக்கு அழைத்துப் போய் அந்தத் தாளைக் காட்டினார்.

“என்னப்பா இது?”

“நான் எழுதினதுதான் மேடம்.”

“எனக்குத் தெரியாதா? உன் கையெழுத்துலயே படிச்சவ நான். அது எப்படி அங்க போச்சு?”

சொன்னான். அவர் மேலும் கீழும் படிகளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இத வேற யார்கிட்டயும் சொல்லிடாத. காசுக்கு எழுதிக் குடுத்தேன்னு வந்தா கமிட்டி வைப்பாங்க. அந்தப் பையனோட யுனிவர்சிட்டிக்கு லெட்டர் போகும். உனக்கும் ஒரு வருஷம் போச்சு. நெட்ல பாத்து எடுத்துட்டேன், தப்புதான்னு எழுதிக் குடுத்தா மூணு வாரம் டைம் தருவாங்க. வேற ஏதாவது எழுதிக் குடுத்துடலாம்.”

“திருடினேன்னா பாஸ். வித்தேன்னா ஃபெயில். அப்படித்தானே மேடம்?”

மோகனப்ரியா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். “எனக்கு ட்ரெயினுக்கு நேரமாச்சு தேவேந்திரன்.” இரண்டு படி இறங்கியவர் நின்றார். திரும்பாமலே, “என் கான்ட்ராக்டும் இந்த மாசம்தான் ரெனியூ ஆகணும்” என்றார்.

தருணுக்குப் போன் போட்டான். என்ன கேட்கப் போகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. விசா வந்துவிட்டதாம், தருண் ஏதோ கடையில் குளிர்ச்சட்டை பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணா! நானே பண்ணணும்னு இருந்தேன். ஸ்காலர்ஷிப்புக்கு வீடியோல இன்டர்வியூ வெச்சாங்கல்ல, அந்த ஸ்பூன் ஆன்ட்டி பத்தித்தான் கேட்டாங்க. சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்துடிச்சுண்ணா. நிஜமா! அந்த மேடமும் கண்ணத் தொடச்சிக்கிட்டாங்க.” பின்னணியில் யாரோ அளவு கேட்டார்கள். தருண் பதில் சொல்லிவிட்டு மறுபடி வந்தான். “அண்ணா, அந்த ஆன்ட்டி நிஜமாவே இருக்காங்களா?”

“இல்லப்பா” என்றான் தேவேந்திரன். “சும்மா எழுதினது.”

“சூப்பர்ணா நீங்க.”

மோகனப்ரியா சொன்னபடி தப்பை ஒப்புக்கொள்ளும் கடிதம் தயாராவதற்குள் அவன் புதிய தொகுப்புக்கு உட்கார்ந்தான். கடலையைப் பற்றித் தொடங்கினால் நாலாவது வரியில் அதை உரிக்க ஒரு கை வந்து நின்றது. பள்ளிக்கூடத்தைப் பற்றித் தொடங்கினால் சோற்றுத் தூக்கோடு வந்து நின்றது. அதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, கடற்கரையோரம் பெரிய ஜன்னல்கள் உள்ள வீட்டில் வளரும் ஒரு பையனைப் பற்றி எழுதினான். தேவேந்திரன் கடலைப் பார்த்ததே இல்லை. ஆறு பக்கம் தடையில்லாமல் வந்தது. மோகனப்ரியா படித்துவிட்டு, “ம், நல்லாத்தான் இருக்கு. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார்.

ஒப்புதல் கடிதத்தில் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்து நான்கு வயது எம்.ஏ. மாணவன் என்றாலும் அங்கே அதுதான் வழக்கம். ஏகாம்பரத்துக்குக் கைநாட்டுதான், அதைப் பார்த்து ஆபீசில் சிரிப்பார்கள் என்று அவர் வரவில்லை. டுவாக்ரா பெண்கள் குழுவில் கையெழுத்துப் பழகியவள் செல்லியம்மா. கம்பெனிக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, கார்வேட்டிநகரத்தில் பஸ் ஏறி, புத்தூரில் மாறி, பத்து மணிக்கெல்லாம் பல்கலைக்கழக வாசலில் கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில் நின்றாள். கைகள் முந்தானைக்குள் இருந்தன.

“இன்னாடா இப்டி எளச்சிட்ட? மெஸ்ஸுல துன்றியா இல்லியா?”

“துன்றேம்மா.”

“சைனு எதுக்குடா? பட்டம் குடுக்கறதுக்கா?”

“அதுக்குத்தாம்மா.”

அவன் பொய் அலுவலக மேசைவரைதான் தாங்கியது. எழுத்தர் திருமலை மூன்று தாள்களைப் பரப்பி வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் போட்டு உடைத்தார். “ஏம்மா, பையனுக்கு நல்ல புத்தி சொல்லும்மா. நெட்ல எவுரோ எழுதினத காப்பி கொட்டிட்டான். எவுரோ ஒரு அம்மா கதைய.”

செல்லியம்மா மகன் பக்கம் திரும்பினாள்.

“எவுரு அம்மாடா?”

தேவேந்திரன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தான்.

“இன்னா எழுதிக்கீது அதுல?”

“சும்மா… ஒரு அம்மா வேலைக்குப் போறத பத்தி.”

“ஏன், நான் வேலைக்குப் போலியா?” அவள் குரல் உயரவில்லை. “எழுதணும்னா என்னப் பத்தி எழுத வேண்டியதுதானடா? நான் ஒருத்தி இல்ல? அடுத்தவன் அம்மாவ எதுக்கு இஸ்த்துக்கினு வந்த?” உடனே திருமலையைப் பார்த்துச் சிரித்தாள், மகனுக்காக மன்னிப்புக் கேட்கிற சிரிப்பு. “நல்ல புள்ளதான் சார். எதுனா புரியாம பண்ணியிருப்பான். இந்த ஒருவாட்டி உட்டுடுங்கோ.”

“ஒவ்வொரு ஷீட்லயும் சைன் வேணும்” என்றார் திருமலை.

அவள் கையை வெளியே எடுத்தாள். ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. அதோடு பேனாவைப் பிடிக்க முடியாமல், பல்லால் முடிச்சை இழுத்து அவிழ்த்தாள். முதல் தாளில் தெலுங்கு எழுத்தில் பெயரைப் போட்டாள், ஒவ்வொரு எழுத்துக்கும் உதட்டை அசைத்துக்கொண்டு. இரண்டாவது தாளிலும் போட்டாள். மூன்றாவது, நூலகத்திலிருந்து வந்த தாள்.

“இது இன்னாடா, இங்க மட்டும் செவப்பா கீது?”

“அதாம்மா காப்பி அடிச்ச எடம்.”

“தூ, கெட்ட புத்தி” என்றாள் செல்லியம்மா அந்தச் சிவப்பைப் பார்த்து. சோற்றில் உப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கக்கூட முடியாத விரல்களைப் பற்றிய கடைசி வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே பேனாவை ஊன்றி, மற்ற இரண்டையும்விட நிதானமாகத் தன் பெயரை எழுதி முடித்தாள்.

திருமலை முத்திரை குத்துவதற்காகத் தாள்களை ஒவ்வொன்றாகத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். இரண்டு வந்தன. மூன்றாவதை இழுத்தார், வரவில்லை. தேவேந்திரனின் கட்டைவிரல் அதன் ஓரத்தை மேசையோடு அழுத்திக்கொண்டிருந்தது.

“விடுப்பா” என்றார் திருமலை.

நகம் வெளுக்கும் அளவுக்கு அவன் இன்னும் அழுத்தினான்.